இடது கைக்குத் தள்ளுபடி

என் பெண்டாட்டி அம்சத் பீவி ஏழு மாதம் உட்கார்ந்து எனக்காகப் பின்னிய ஸ்வெட்டரின் விலை ஆயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அந்த விலைக்கு அதை விற்றவன் நான்தான்.

விற்க வேண்டும் என்று நினைத்து விற்கவில்லை. கம்பத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் இதை நம்பவில்லை. நீங்களாவது நம்பலாம், உங்களுக்கு என்னைத் தெரியாது.

எங்கள் குடும்பத்துக்கு நாலு தலைமுறையாக ஏலக்காயும் மிளகும்தான் தொழில். வீட்டில் 'இது விற்பனைக்கு இல்லை' என்று யாரும் சொல்ல மாட்டோம். அது கேட்டவன் முகத்தில் அடிப்பது மாதிரி. கொடுக்க மனமில்லாத பொருளை ஒருவன் விலை கேட்டால், அவன் தலை சுற்றுகிற மாதிரி ஒரு விலை சொல்வோம். சிரித்துவிட்டுப் போய்விடுவான். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. என் பெரியத்தாவிடம் ஒருத்தன் எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு விலை கேட்டான். பழைய தேக்கு. பெரியத்தா லட்ச ரூபாய் என்றார். அவன் போகவில்லை, நாற்பதாயிரத்துக்குக் கேட்டான். பெரியத்தா தொண்ணூற்றைந்துக்கு இறங்கினார். அப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை. ராத்திரி ஆடு வந்து படுத்துக்கொண்டது. ஆனால் பெரியத்தா சாகிறவரை அந்தப் பேரத்தைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார்.

அந்த ரத்தம்தான் எனக்கும்.

என் பெயர் சேக் பரீத். வயது ஐம்பத்தெட்டு. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டால், சாயங்காலத் தொழுகை அஸர் வரைக்கும் எனக்கும் அம்சத்துக்கும் கூடத்தில் ஒரே வேலைதான். மூங்கில் சோபாவில் அந்த ஓரம் அவள், இந்த ஓரம் நான், நடுவில் பேப்பர். அவள் பின்னிக்கொண்டே குறுக்கெழுத்துக் குறிப்புகளை வாசிப்பாள், நான் பேனா பிடிப்பேன். ஞாயிறு இணைப்பில் வருகிற பெரிய கட்டம் எங்களுக்கு மூன்று நாள் ஓடும். பதில் தெரிந்தாலும் சும்மா சொல்லிவிட மாட்டோம்.

"மொத எழுத்து எங்கிட்ட இருக்கு. ஒரு டீ போட்டா தாரேன்."

"கடைசி எழுத்து எங்கிட்ட இருக்கு. ஒங்க மொத எழுத்த வச்சுக்கிட்டு நாக்கு வழிங்க."

இப்படிப் போகும். முப்பது வருடமாக நாங்கள் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தக் கட்டங்களுக்குள்தான். பிள்ளைக்கு வரன் பார்த்தது, நிலத்தை விற்றது, என் தம்பியோடு பேச்சை நிறுத்தியது, மறுபடி ஆரம்பித்தது, எல்லாமே 'இடமிருந்து வல'த்துக்கும் 'மேலிருந்து கீழு'க்கும் நடுவில் முடிவானதுதான்.

கட்டம் முடிந்துவிட்டால் நான் கிளை நூலகத்து நாவல் ஒன்றை எடுப்பேன். கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பது என் வழக்கம். மூட்டையின் அடியில் கைவிட்டுச் சரக்குப் பார்க்காமல் எவனாவது வாங்குவானா? அடி நன்றாக இருந்தால் மேலே வருவேன். இல்லையென்றால் முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவேன்.

பின்னலை அவள் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஏதோ ஒரு நாட்டு வெள்ளைக்காரி. பேசுவது ஒரு வார்த்தை புரியாது, விரல் மட்டும் புரியும் என்பாள். எங்கள் ஊரில் குளிர் என்பது மார்கழி விடியலில் பஜ்ருக்கு எழுந்து கைகால் கழுவி ஒளூ செய்கிற ரெண்டு நிமிடம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏழு மாதமாகப் பச்சை நூலில் ஸ்வெட்டர். சென்னையிலிருக்கிற மருமகனுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் நூல் வாங்கிய காசைச் சொல்வாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, குமுளிக்குச் சரக்கின் மாதிரி பார்க்கக் கிளம்பினேன். அம்சத் அதை என் கையில் திணித்தாள்.

"மல மேல சாரலாம். போட்டுக்கிட்டுப் போங்க."

"எனக்கா?"

"இல்ல, பஸ்ஸுக்கு."

போட்டேன். என்னை அளந்து ஊற்றியது மாதிரி இருந்தது. முதல் தர ஏலக்காயின் பச்சை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வழியில் கூடலூரில் இறங்கி டீக்கடையில் நின்றேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடம். மாரிசெல்வம் என்ற டிரைவர் பக்கத்தில் வந்தான். முகம் தெரிந்த பயல்தான், முப்பது வயதிருக்கும். மேலும் கீழும் பார்த்தான்.

"பாய், ஸ்வெட்டர் ஜம்முன்னு இருக்கு. என்ன வெல?"

நடைபாதையில் முந்நூற்றைம்பதுக்கு ஸ்வெட்டர் கிடைக்கிற ஊர். இவனை விரட்ட ஒரு விலை போதும் என்று நினைத்தேன்.

"ரெண்டாயிரத்து ஐநூறு."

அவன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். "எண்ணூறு."

அங்கேதான் நான் சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணூறு என்கிறான்! என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"எண்ணூறா? ஏலே, நூலத் தொட்டுப் பாத்துட்டுப் பேசு."

"தொட்டாச்சு. தொள்ளாயிரம்."

"கையால பின்னுனது. மெசினு கெடையாது. ஒரு வாரத்துக்கு நாலு விரக்கடதான் வளரும். ரெண்டாயிரத்து முந்நூறு."

"ஆயிரத்து இருநூறு. கழட்டிக் காமிங்க, உள்பக்கம் பாக்கணும்."

கழற்றினேன். உள்பக்கத்தைக் காட்டினேன். முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை என்று நானே விளக்கினேன். டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு நின்றுவிட்டார். இரண்டு டிரைவர்கள் என் பக்கம், மூன்று பேர் அவன் பக்கம். நான் ஆயிரத்து எண்ணூறுக்கு இறங்கி, அதற்குமேல் ஒரு பைசா குறையாது என்று மேசையில் தட்டினேன். மாரிசெல்வம் ஸ்வெட்டரின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான்.

"எடது கை ஒரு இஞ்சு குட்டை பாய். பின்னுன ஆளுக்குக் கண்ணு தெரியாதா?"

பார்த்தேன். குட்டைதான். சரக்கில் குறை இருந்தால் ஒத்துக்கொள்வோம், அதில் எங்கள் குடும்பம் சுத்தம். நூற்றைம்பது தள்ளினேன். அவன் உடனே போனை எடுத்தான். என் சட்டைப் பையில் போன் டிங்கென்று அடித்தது. பணம் வந்துவிட்டது. சொன்ன விலைக்குப் பணம் கை மாறிவிட்டால் பேச்சு மாற முடியாது. அவன் ஸ்வெட்டரை ஜீப் சீட்டில் போட்டான், ஜீப் கிளம்பியது, மலையிலிருந்து சாரல் காற்று என் அரைக்கைச் சட்டைக்குள் நேராகப் புகுந்தது. அப்போதுதான் என்ன செய்தேன் என்று ஒரு ஓரத்தில் உறைத்தது.

ஒரு ஓரத்தில்தான். மீதி முழுக்க வெற்றிச் சந்தோஷம். முந்நூற்றைம்பது ரூபாய் ஊரில் ஆயிரத்து அறுநூற்றைம்பது!

அதனால்தான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மறைக்காமல் சொன்னேன். மறைக்கவில்லை என்பதைவிட, நடித்துக் காட்டினேன் என்பதுதான் சரி. அவன் குரலில் எண்ணூறு, என் குரலில் ரெண்டாயிரத்து முந்நூறு, மேசை தட்டல் எல்லாம். அம்சத் புதிதாக ஏதோ ஒரு தொப்பி ஆரம்பித்திருந்தாள். ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் வியாபாரி வீட்டுப் பெண். அவள் அத்தா அந்தக் காலத்தில் மாட்டுத் தரகு. பாராட்டுவாள் என்றே நினைத்தேன்.

"ஆயிரத்து எண்ணூறுல நின்னீகல்ல. அப்பறம் எதுக்குக் கொறச்சீக?"

"எடது கை ஒரு இஞ்சு குட்டைன்னான். பாத்தேன், ஆமா. அடுத்த தடவ அளவு பாத்துப் பின்னு."

அம்சத் ஊசியில் நூலைச் சுற்றினாள். தொப்பியைப் பையில் வைத்தாள். உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

சோறு வந்தது. டீ வந்தது. சட்டை துவைத்து வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மூன்றாம் நாள் மத்தியானம் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், மூங்கில் சோபாவில் என் ஓரத்தில் பக்கத்து வீட்டு முருகம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் பேனா.

முருகம்மாளுக்கு ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சையைப் பற்றி எது கேட்டாலும் சொல்வாள். குறுக்கெழுத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. நான் உள் அறையில் நாவலோடு உட்கார்ந்து, கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூணெழுத்து. வெயிலுக்கு எதிரானது," இது அம்சத்.

"மழை."

"அது ரெண்டு."

"பக்கத்துல ஒரு புள்ளி வச்சுக்கங்க."

நிழல், நிழல், நிழல். எனக்கு நாக்கு அரித்தது.

"நாலெழுத்து. காட்டுக்கு ராஜா."

"எங்க மாமியா."

"ஆறு வருது, முருகம்மா."

"அவுக எதுலயும் அடங்க மாட்டாக. நறுக்கிப் போடுங்க."

அம்சத் சிரித்தாள். முப்பது வருடமாக என் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்த சிரிப்பு அது. இப்போது முருகம்மாளுக்குப் போகிறது, அதுவும் தப்பான பதிலுக்கு. கையெழுத்துப் போட்டுப் பட்டா மாற்றிக்கொடுத்த மாதிரி என் இடம் போய்விட்டது. அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால், இனி இருக்கிற மத்தியானம் முழுக்க நான் இந்த உள் அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆத்திரத்தில் நாவலைத் திருப்பினேன். கடைசி அத்தியாயம் திறக்கவில்லை. பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பச்சை நூலால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, நடுவில் ஒரு முடிச்சு. கத்தரித்தால் நூலகத்துப் புத்தகத்தில் கீறல் விழும், அவிழ்த்தால் மறுபடி அந்த முடிச்சு எனக்குப் போடத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கொலை செய்தவன் யாரென்று தெரியாமல் நாலு நாள் இருந்தது ஒரு கேவலமான அனுபவம்.

மகள் யாஸ்மின் சென்னையிலிருந்து போன் செய்தாள். அவள் உம்மா சொல்லியிருக்கிறாள்.

"அத்தா, ஸ்வெட்டர வித்துட்டீங்களா?"

"வாய் தவறி வித்துட்டேன்மா."

"ஆயிரத்து அறுநூத்தம்பதுக்கா? போட்டோ அனுப்பியிருந்தா நாலாயிரத்துக்கு நான் தள்ளியிருப்பேன்."

அம்சத் பக்கத்தில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

பத்தாம் நாள் காலை, கொல்லைப்பக்கச் சுவருக்கு அந்தப்பக்கம் முருகம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, அவ கோவம் எப்பத்தான் எறங்கும்? ஒரு ஸ்வெட்டருக்கு இம்புட்டா?"

"ஸ்வெட்டருக்கு இல்ல பாய். நீங்க அத வித்ததுக்குன்னா ரெண்டு நாளு திட்டிட்டு விட்டுருப்பாக. பேரம் பேசாம ஒங்களால இருக்க முடியாதுன்னு அவுகளுக்குத் தெரியாதா?"

"பெறகு?"

முருகம்மாள் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள். "வீட்டுல டேப்பு இருக்கா? ரெண்டு கையையும் அளந்து பாருங்க."

"எதுக்கு?"

"அளந்துட்டு வாங்கன்னா."

உள்ளே போய் அளந்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை. வலது இருபத்து மூன்றரை. இடது இருபத்து இரண்டரை. டேப்பில் கோளாறு என்று மறுபடி அளந்தேன். ஒருதரம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டும் அளந்தேன். இருபத்து இரண்டரைதான்.

இருபத்திரண்டு வயதில் லாரியிலிருந்து ஒரு மிளகு மூட்டை என் இடது முழங்கையில் விழுந்தது. கட்டுப் போட்டார்கள், கூடியது, மறந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த முழுக்கைச் சட்டை போட்டாலும் இடது கைப்பட்டி வாட்சை மூடும். டெய்லருக்குத் தைக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொரு சட்டைக்கும் சண்டை போட்டு இருபது ரூபாய் குறைத்தே கொடுத்திருக்கிறேன். மூன்று டெய்லரை மாற்றியிருக்கிறேன். ஒருத்தர் கடையையே மூடிவிட்டார், அது என்னாலா என்று தெரியாது.

சுவரோரம் திரும்பி வந்தேன். முருகம்மாள் என் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டாள்.

"மத்தியானம் நாவல மூஞ்சில கவுத்துப் போட்டுத் தூங்குவீகல்ல, அப்ப அளந்தாக. ரெண்டு துண்டு நூலு. ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசு. பெருசுல ஒரு முடிச்சு, சிறுசுல ரெண்டு முடிச்சு, மாறிப் போகக் கூடாதுன்னு. அந்த எடது கையி மட்டும் மூணு தடவ பிரிச்சுப் பின்னுனாக. நீங்க என்னடான்னா ஒங்க கைக்கு நீங்களே நூத்தம்பது தள்ளுபடி கொடுத்துட்டு வந்து, அளவு பாத்துப் பின்னுன்னு வேற சொல்லியிருக்கீக. எம் புருசனா இருந்தா எடது கைய இன்னொரு இஞ்சு கொறச்சிருப்பேன்."

கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். முப்பத்தாறு வருடமாகத் தோளில் தொங்குகிற கை எனக்குத் தெரியவில்லை. அவள் நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்று மத்தியானமே கூடலூருக்கு பஸ் ஏறினேன். மாரிசெல்வம் ஜீப் பானட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"மாரி, அந்த ஸ்வெட்டரத் திருப்பிக் கொடு. போட்ட காசுக்கு மேல நூறு சேத்து வாங்கிக்க."

"அது எங்கனயோ போயிருச்சு பாய். குமுளியில ஒரு வடநாட்டு டூரிஸ்ட்டு கேட்டாரு. ரெண்டாயிரத்து இருநூறு."

ரெண்டாயிரத்து இருநூறு! நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. வந்த வேலை ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"எடது கை குட்டையா இருக்கேன்னு அவரு கேக்கலையா?"

"கேட்டாரே. அதுதான் டிசைனுன்னேன்."

ஒரு ஜீப் டிரைவருக்குத் தோன்றியது நாலு தலைமுறை வியாபாரிக்குத் தோன்றவில்லை. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். அதே ஸ்வெட்டர் இனி கிடைக்காது. அது எந்த ஊர் அலமாரியில் தொங்குகிறதோ. பெரியத்தாவாக இருந்தால் புதுக் கதவு செய்யச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்.

மறுநாள் தேனிக்குப் போய் அதே பச்சையில் பன்னிரண்டு பந்து உல்லன் நூல் வாங்கினேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள், பேரம் பேசித்தான் வாங்கினேன்.

மத்தியானம் கூடத்தில் அம்சத், முருகம்மாள், நடுவில் பேப்பர். நான் போய் நூல் பையை அம்சத்தின் காலடியில் வைத்தேன். என் இடது கையையும் நீட்டினேன், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவன் மாதிரி.

"தப்பு என்னோடது. கை குட்டைன்னு எனக்கே தெரியல. இன்னொன்னு பின்னு, அம்சத். இந்தத் தடவ பேண்டுக்குள்ள செருகிக்கிறேன், யாரும் வெல கேக்க முடியாது."

அம்சத் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளிருந்து ஒரு பந்தை எடுத்து, தன் பழைய ஊசி இரண்டையும் அதில் குத்தி, என் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா சொல்றா?" என்று முருகம்மாளைக் கேட்டேன்.

"ஒங்களப் பின்னச் சொல்றாக."

"நானா?"

"ஏன், கை ரெண்டு இருக்குல்ல? ஒன்னு கொஞ்சம் கம்மி, அதனால என்ன."

எனக்கு இது பிடிபட்ட விஷயம். கோபம் என்றால் எனக்குக் கைகால் ஓடாது, ஆனால் எதிராளி ஒரு நிபந்தனை வைத்துவிட்டால் அப்புறம் பயமில்லை.

"சரி. எம்புட்டு பின்னுனா என்னைய மறுபடி இங்கன ஒக்கார விடுவே?"

அம்சத் என் தோளில் கிடந்த துண்டை இழுத்தாள். தன் வலது கைமேல் போட்டு மூடினாள். மூடிய கையை என் பக்கம் நீட்டினாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் இப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, வாயைத் திறக்காமல். சுற்றி நூறு பேர் நின்றாலும் பேரம் இரண்டு கைக்குள் முடிந்துவிடும். எங்கள் ஏலக்காய் வியாபாரத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. அவள் அத்தா இதில் புலி. பேசமாட்டேன் என்று சபதம் போட்டவளுக்கு இதைவிட வசதி வேறென்ன? நானும் துண்டுக்குள் கையை விட்டேன்.

"விரலுக்குப் பத்து வரிசையா?"

தலையை ஆட்டினாள்.

அவளுடைய மூன்று விரலைப் பிடித்தேன். முப்பது. ஒரு மப்ளரின் முனை அளவு. அவள் என் ஐந்து விரலையும் பிடித்தாள். விட்டாள். மறுபடி ஐந்தையும் பிடித்தாள். விட்டாள். மறுபடி. இன்னும் ஒரு தடவை. இருநூறுக்குப் போய் நின்றாள்.

"இருநூறா? ஏ புள்ள, எனக்கு ஊசியப் புடிக்கவே தெரியாது!"

"ஏத்தா, என்னதான் நடக்குது துண்டுக்குள்ள?" முருகம்மாள் எட்டிப் பார்த்தாள். "வயசான காலத்துல?"

அம்சத்தின் காது சிவந்தது. கையை விடவில்லை. நான் ஐம்பதுக்கு ஏறினேன். அவள் நூற்றெழுபதுக்கு இறங்கினாள். நான் எழுபது. என் சுண்டுவிரலை அவள் ஒரு நெரி நெரித்தாள். அது எண்ணிக்கையில் சேராது, வசவு. அவள் ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி உரசி உரசி ஒரு காய்ப்பு இருந்தது. அது எப்போது வந்தது? இத்தனை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த விரலை நான் பிடித்துப் பார்த்ததில்லை. பேரத்தின் நடுவில் இப்படி யோசனை ஓடினால் நஷ்டம்தான். யோசனையில் இருந்தபோது அவள் ஐந்து, ஐந்து, இரண்டு என்று முடித்து, என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டித் துண்டை உருவிவிட்டாள்.

நூற்றிருபது வரிசை. அதுவரைக்கும் குறுக்கெழுத்தில் எனக்கு இடமில்லை.

வெள்ளைக்காரியின் வீடியோவை நானும் பார்த்தேன். ஊசியில் நூலை வளையமாக ஏற்ற வேண்டும், அந்த வளையத்துக்குக் கண்ணி என்று பெயர். முப்பது கண்ணி ஏற்றினால் ஒரு வரிசை. பார்க்கச் சுலபம். என் முதல் வரிசையில் முப்பது ஏற்றினேன், இரண்டாம் வரிசையில் முப்பத்து நாலு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏலக்காய் மூட்டையில் இப்படித் தானாகக் கூடியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மூன்றாம் வரிசையில் இருபத்தாறு. பின்னியது கோணலாக, கம்பம் பஸ் ஸ்டாண்ட் வரைபடம் மாதிரி வளர்ந்தது. முருகம்மாள் ஒரு நாள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு கைக்குப் பாய்?"

பிரித்தேன். பிரிப்பதில் எனக்குத் திறமை வந்துவிட்டது. ஒரு இழுப்பு, மூன்று நாள் வேலை காலி.

நான் உட்காரும் இடம் மட்டும் மாறியது. உள் அறையில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, கூடத்தில் சோபாவுக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அங்கிருந்து குறிப்புகள் தெளிவாகக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுவேன்.

இன்று முருகம்மாள் வரவில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிறார்களாம். அம்சத் தனியாகச் சோபாவில் உட்கார்ந்து, தொப்பியை முடிக்கிற வேலையில் இருந்தாள். பேப்பர் பக்கத்தில் கிடந்தது. கொஞ்ச நேரம் ஊசிச் சத்தம் மட்டும், அவளுடையது வேகமாக, என்னுடையது மாட்டுவண்டி மாதிரி. அப்புறம் அவள் பேப்பரை எடுத்து, சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்து வாசித்தாள்.

"நாலெழுத்து. பாலைத் தயிராக்கும்."

காலண்டர் பதில் சொல்லவில்லை. நான் ஊசியை நிறுத்தினேன். ஒப்பந்தப்படி எனக்கு இன்னும் இங்கே பேச உரிமையில்லை. அதை அவளுக்கு ஞாபகப்படுத்த நான் என்ன மடையனா?

"சொன்னா அஞ்சு வரிசை கழிப்பியா?"

அம்சத் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். இரண்டு விரலைக் காட்டினாள்.

"நாலு."

அதே இரண்டு விரல்.

"சரி, போ. உறைமோர்."

எழுதினாள். கட்டத்தில் சரியாக உட்கார்ந்தது, அவள் முகத்தில் தெரிந்தது. அடுத்த குறிப்புக்குப் போவாள் என்று காத்திருந்தேன். அவள் எட்டி என் மடியிலிருந்த பின்னலைப் பார்த்தாள். பேப்பரைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் நாற்காலிக் கையில் உட்கார்ந்தாள். கீழே ஏழாவது வரிசையில் ஊசி முனையால் ஒரு ஓட்டையைக் குத்திக் காட்டினாள்.

"இங்கன கண்ணிய விட்டுட்டீக. பிரிங்க."

பத்தொன்பது நாள் கழித்து நாலு வார்த்தை. அதில் மூன்று புகார், ஒன்று உத்தரவு. வாங்கிக்கொண்டேன். நான் நூலின் நுனியை இழுக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அதைப் பந்தாகச் சுற்றினாள்.

பேசி முடித்தது நூற்றிருபது வரிசை. உறைமோருக்குக் கழிவு இரண்டு. இன்றுவரை பின்னியது ஐம்பத்து மூன்று. இப்போது பிரித்ததோடு சேர்த்துப் பிரித்தது நாற்பத்து ஏழு. ஊசியில் நிற்பது ஆறு. பாக்கி நூற்றுப் பன்னிரண்டு.